சீசன் முடிந்தால் ஊரை மூடிவிடுவார்களா?

(சிங்கப்பூர் ஈசூனில் ஒரு புளோக்கின் கீழ்த்தளம். இரண்டு மின்தூக்கிகளில் ஒன்று பழுது, மற்றொன்று எந்த மாடியில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. செல்வி கொடைக்கானல் மலைக் கிராமமான பூம்பாறையில் பிறந்து ஈசூனுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஜூன் விடுமுறை முடிந்து யார் ஊர் திரும்பினாலும் அவளைத்தான் தேடி வருவார்கள்.)

கமலா அக்கா: மூன்று நாள் உங்க கொடைக்கானலுக்குப் போய் வந்தோம் செல்வி. ஏரி தெரியும் காட்டேஜ் என்று போட்டிருந்தான். ஏரி தெரிந்தது. குழாயில்தான் தண்ணீர் தெரியவில்லை.

செல்வி: ஏரித் தண்ணீர் படகு விட, அக்கா. சீசனில் குளிக்கிற தண்ணீர் லாரியில் வரும். வந்தால்.

கமலா: ஆனா கிளைமேட் இருக்கே, அடடா!

செல்வி: இருக்கும் இருக்கும்.

கமலா: ஏறும்போதே தகராறு. இ-பாஸ் எங்கே என்றான். நான் சிங்கப்பூரில் இருந்து வருகிறேன், எனக்கு எதற்கு இ-பாஸ்?

செல்வி: சிங்கப்பூரில் இருந்து போனால் கார் பறந்தா போகும்? 2024-ல் ஐகோர்ட் சொல்லி, மலை ஏறும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று கணக்கும் வைத்தார்கள். இங்கே ஒரு கார் வாங்கும் உரிமைக்கு மட்டும் லட்சம் வெள்ளி கட்டுகிறோம், அதுவும் பத்து வருஷத்துக்கு. அங்கே இ-பாஸ் இலவசம். இலவசத்துக்கா இவ்வளவு கோபம்?

கமலா: அது வேற. கையில் இருந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் பாட்டிலுக்கு 20 ரூபாய் என்று பசுமை வரி கேட்டான்.

செல்வி: 1992-ல் இங்கே உங்க வாயில் இருந்த சூயிங்கம்மையே தடை பண்ணினார்கள். இன்று வரைக்கும் ஒரு வார்த்தை பேசியிருப்பீங்களா?

கமலா: சரி விடு. மாட்டை எல்லாம் கட்டிப் போட மாட்டீங்களா உங்க ஊரில்? காட்டேஜ் வாசலில் ஒன்று நின்றது. கன்னங்கரேல் என்று ஆறடி உயரம், நாலு காலிலும் முட்டி வரைக்கும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. பேரன் வாழைப்பழம் நீட்டப் போனான்.

செல்வி: ஐயோ, அது காட்டுமாடு அக்கா! அதற்குச் சொந்தக்காரன் கிடையாது. அது வாசலில் நின்றால் அன்றைக்கு நாங்கள் பள்ளிக்கூடம் போக மாட்டோம். வாத்தியாரும் கேட்க மாட்டார். அவர் வாசலில் இன்னொன்று நிற்கும்.

கமலா: கொடுத்து வைத்தவர்கள்! வருஷம் பூரா லீவு!

(செல்வி பெருமூச்சு விட்டாள். நியாயமான பெருமூச்சு.)

கமலா: குறிஞ்சிப் பூ பார்க்கத்தான் முக்கியமாகப் போனேன். டிரைவர் 2030-ல் வாங்க என்கிறான். என்ன திமிர்!

செல்வி: பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அக்கா. 2018-ல் பூத்தது.

கமலா: அதுதான் நானும் கேட்கிறேன். நம்ம பள்ளி விடுமுறைக்குத் தோதாகக் கொஞ்சம் முன்னாடி பூக்கவிட்டால் என்ன? சுற்றுலாத் துறை என்று ஒன்று எதற்கு?

செல்வி: மனு எழுதிப் போடுங்க.

கமலா: அது இருக்கட்டும். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். சீசன் முடிந்ததும் அந்த ஊர்க்காரர்கள் எல்லாம் எங்கே போவார்கள்?

செல்வி: என்னது?

கமலா: இல்லை, கடைக்காரர்கள், குதிரைக்காரர்கள், சோளம் சுடுகிறவர்கள். ஆள் வராதபோது ஊரை மூடிவிடுவார்கள்தானே?

செல்வி: ஆமாம் அக்கா. கடைசி வேன் கீழே இறங்கியதும் ஏரியைத் திறந்துவிட்டு, ஊரைப் பூட்டிவிட்டு, எல்லோரும் திண்டுக்கல் போய்விடுவோம்.

கமலா: அவ்வளவு தண்ணீரையும் எங்கே விடுவீங்க?

செல்வி: வரும் வழியில் வெள்ளி அருவி பார்த்தீங்களே, அது எந்தத் தண்ணீர் என்று நினைத்தீங்க? ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான்.

கமலா: அடேங்கப்பா, இவ்வளவு ஏற்பாடா! அப்படியென்றால் உங்க அம்மா வீடு பத்து மாசம் சும்மாதான் கிடக்கிறது. டிசம்பருக்குச் சாவியைக் கொடேன்.

செல்வி: அக்கா, நான் கிண்டலுக்குச் சொன்னேன். அம்மா அங்கேதான் இருக்கிறார். வருஷம் பூரா.

கமலா: தனியாகவா? காவலுக்கா?

செல்வி: குடியிருக்கிறார்! பூண்டு போடுகிறார். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதே கொடைக்கானல் மலைப்பூண்டு, அதைப் போட்டவர்களில் எங்க அம்மாவும் ஒருவர். டிசம்பரில் விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனி, விரல் மடங்காது. அந்த விரலால்தான் களை எடுக்க வேண்டும்.

கமலா: உறைபனியா! சிங்கப்பூரில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. என்ன கிளைமேட்!

செல்வி: அக்கா, மெக்ரிச்சி நீர்த்தேக்கம் தெரியுமா?

கமலா: தெரியாமல்? தினமும் அங்கே நடந்த காலம் உண்டு.

செல்வி: அது 1868-ல் கட்டி முடித்தது. கொடைக்கானல் ஏரி 1863. மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் ஓடையை மறித்துக் கட்டியது. இரண்டும் மனுஷன் வெட்டியதுதான். மெக்ரிச்சி பக்கத்து வீடுகளில் இருப்பவர்களிடம் போய், லீவு முடிந்தால் எங்கே போவீங்க என்று கேட்பீங்களா?

கமலா: அவர்கள் எதற்குப் போக வேண்டும்? அவர்கள் கிட்ட வீடு இருக்கு.

செல்வி: ...

கமலா: என்ன, பேச்சைக் காணோம்?

செல்வி: ஒன்றுமில்லை. போன வருஷம் மே மாசம் எங்க அண்ணிக்குப் பிரசவ வலி. கொஞ்சம் சிக்கல் என்றால் எங்களுக்குத் தேனி, இல்லை மதுரை. மதுரைக்குக் கிளம்பினோம். பெருமாள்மலையில் வண்டி நகரவில்லை. முன்னால் நின்ற கார்க்காரர்கள் இறங்கி மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்தால், சத்தம் போடாதே, வீடியோவில் விழுகிறது என்றார் ஒருவர்.

கமலா: ஐயையோ, அப்புறம்?

செல்வி: மதுரை போய்ச் சேரவில்லை. வத்தலக்குண்டிலேயே பிறந்துவிட்டான். வீட்டில் அவனை வத்தல் என்றுதான் கூப்பிடுகிறோம்.

கமலா: பாவம்டா. (கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அவருக்கு அது பெரிய நேரம்.) ஆனா குழந்தைக்கு ஒத்துக்கொள்ளும், அந்தக் கிளைமேட்.

செல்வி: வத்தலக்குண்டு அடிவாரம் அக்கா. வெயில் இங்கே மாதிரிதான்.

கமலா: அப்போ அங்கே ஏன் இறங்கினீங்க? மேலேயே இருந்திருக்கலாமே?

செல்வி: இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

கமலா: சொர்க்கத்தில் பிறந்துவிட்டு நீ எதற்கம்மா ஈசூனுக்கு வந்தாய்? அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

செல்வி: இங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. நடக்கிற தூரத்தில் பாலிகிளினிக். வாசலில் காட்டுமாடு நிற்பதில்லை, நீங்கதான் நிற்கிறீங்க.

கமலா: கிண்டல் போதும். முழு வீடு வேண்டாம், டிசம்பரில் ஓர் அறை போதும்.

செல்வி: அந்த அறையில் விதைப்பூண்டு கட்டித் தொங்குகிறது. பரணில் இருந்து தலை இடிக்கிற உயரத்துக்கு.

கமலா: பூண்டு வாயுவுக்கு நல்லது. குனிந்து படுத்துக்கொள்கிறேன்.

செல்வி: அந்த மூலையில்தான் அடுப்பு. புகை வரும்.

கமலா: கொசு அண்டாது.

செல்வி: சரி, அம்மாவிடம் கேட்கிறேன். ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் வாங்கச் சொல்கிறேன், சாப்பாடு சேர்த்து.

கமலா: வாடகையா? மூடிக் கிடக்கிற வீட்டுக்கா?