"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்"

நம் வீடுகளில் பெண் பிள்ளைகளிடம் சொல்லும் வார்த்தைகளில் எனக்கு அதிகக் கோபம் வருவது இதைக் கேட்டால்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாதவிலக்கு வந்தாலும் இதே பதில். வலியில் சுருண்டு படுத்து மாதாமாதம் பள்ளிக்கு லீவு போட்டாலும் இதே பதில். அப்புறம் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, "என்ன, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று அதே வாய் கேட்கும்.

குழந்தை தள்ளிப்போகப் பல காரணங்கள் கல்யாணத்துக்கு வெகு முன்பே உடம்பில் இருக்கின்றன. மாதவிலக்கு தவறுவதோடு பருவும் முகத்தில் முடியும் சேர்ந்து வந்தால் அது பிசிஓஎஸ், அதாவது ஹார்மோன் கோளாறால் சினைப்பையில் முட்டை ஒழுங்காக வெளிவராத பிரச்சினை, ஆக இருக்கலாம். ஏறக்குறைய பத்தில் ஒரு பெண்ணுக்கு இது உண்டு. இருக்கிறவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இத்தனைக்கும் இது கையாளக்கூடிய பிரச்சினை. உடல் பருமன் இருப்பவர்கள் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்குக் கருமுட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்குகிறது. தைராய்டு கோளாறும் மாதவிலக்கைக் குழப்பும், அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். தாங்க முடியாத வலிக்குப் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம். கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்ந்து சினைப்பையையும் கருக்குழாயையும் ஒட்டவைத்துவிடலாம். "பொண்ணுன்னா வலி இருக்கத்தான் செய்யும்" என்று அதை வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

இதைவிட யாரும் வாய் திறக்காத ஒன்று காசநோய். என் பெரியம்மா மகளுக்குக் கல்லூரியில் படிக்கும்போது டிபி வந்தது. மாத்திரை சாப்பிட்டுக் குணமானாள். வெளியே தெரிந்தால் வரன் அமையாது என்று வீட்டில் அந்தப் பேச்சையே மூடிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு, "முன்னாடி டிபி ஏதாவது இருந்ததா?" என்று டாக்டர் கேட்டபோது பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தார். "இல்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டாள். முட்டை வளர மாத்திரை, ஸ்கேன், மறுபடி மாத்திரை என்றே காலம் போனது. கடைசியில் கருப்பைக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் இரண்டு குழாயும் அடைத்திருப்பது தெரிந்தது.

நுரையீரலில் இருக்கும் டிபி கிருமி ரத்தத்தின் வழியாகக் கருக்குழாய்க்குப் போய்விடலாம். இருமல், காய்ச்சல் என்று எதுவும் காட்டாமலே அங்கே தங்கும். குழந்தை இல்லை என்று போகும்போதுதான் பலருக்கு அது இருப்பதே தெரியவருகிறது. டிபி மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் தழும்பேறிய குழாய் மருந்தால் பழையபடி ஆகிவிடாது. முன்பே தெரிவது அதனால்தான் அவ்வளவு முக்கியம். "முதல் குழந்தை இப்போ வேண்டாம்" என்று டாக்டரைப் பார்க்காமல் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கலைப்பவர்களுக்கும் சொல்கிறேன். அரைகுறையாகக் கலைந்து தொற்று ஏறினால் அதுவும் இதே குழாயைத்தான் அடைக்கும்.

வயதும் ஒரு காரணம்தான், 35க்கு மேல் வாய்ப்பு வேகமாகக் குறையும். அதற்காகப் படிப்பையும் வேலையையும் குற்றம் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 23 வயதில் கட்டிக்கொடுத்தாலும் அடைத்த குழாய் அடைத்ததுதான்.

சரி, பையன் பக்கம்? குழந்தையின்மையில் கிட்டத்தட்ட பாதியில் ஆணின் பங்கும் இருக்கிறது. அவள் ஊசி குத்தி, ஸ்கேன் எடுத்து, செவ்வாய்க்கிழமை விரதமும் இருந்து முடித்த பிறகும் அவன் ஒரு விந்துப் பரிசோதனைக்குப் போயிருக்க மாட்டான். இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு ஒரு சாம்பிள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஊசிகூடக் கிடையாது. இருப்பதிலேயே எளிதான பரிசோதனை ஏன் கடைசியில் வருகிறது?

ஒரு வருடம் முயன்றும் கரு நிற்கவில்லை என்றால், 35 தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து டாக்டரைப் பாருங்கள். பழைய டிபி, கலைத்த கரு, வயிற்றில் செய்த ஆபரேஷன் எல்லாவற்றையும் சொல்லுங்கள். பேசும் நேரத்தில் மாமியாரோ அம்மாவோ, யாராக இருந்தாலும் வெளியே உட்காரட்டும்.