தூக்கத்துல நாய் கால் உதறினா அது வலிப்பு இல்லைங்க

"நாய் தூங்கும்போது கால் உதறி முனகினா வலிப்பு, உடனே தட்டி எழுப்பி மூஞ்சில தண்ணி அடிங்க, வாயில சாவிய வைங்க"ன்னு ஒரு மெசேஜ் வாட்ஸ்அப்ல சுத்துது. தப்பு.

படுத்து கொஞ்ச நேரத்துல கண்ணு இமைக்குள்ள ஓடும், மீசை துடிக்கும், வாய தொறக்காமலே குட்டியா ஒரு குரைப்பு வரும், இது ஆர்இஎம் தூக்கம், நமக்கும் கனவு வர்ற கட்டம்தான். 2001ல அமெரிக்காவுல எம்ஐடிங்குற பல்கலைக்கழகத்துல எலிங்க மூளைய பார்த்தப்போ பகல்ல ஓடின பாதையவே தூக்கத்துலயும் ஓட்டிப் பார்க்குதுன்னு தெரிஞ்சுது, அதனால நாயும் கனவு காணுதுன்னு நம்புறாங்க (என்ன கனவுன்னு அதுதான் சொல்லணும்).

வலிப்புன்னா உடம்பு விறைச்சுக்கும், கால் வேகமா வெட்டும், மூத்திரம் போயிடலாம், பேர் சொல்லி கூப்பிட்டா முழிக்காது, முழிச்சாலும் கொஞ்ச நேரம் திருதிருன்னு முழிக்கும். அப்பவும் வாயில கையோ சாவியோ வைக்காதீங்க, வீடியோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க, 5 நிமிஷம் தாண்டினா உடனே தூக்கிட்டு ஓடுங்க. சும்மா கனவுல இருக்குறத தட்டி எழுப்பினா பதறிப்போய் கடிச்சுடலாம், அது நாயோட தப்பும் இல்ல.

சந்தேகம்னா அமெரிக்கன் கென்னல் கிளப்ங்குற நாய் அமைப்போட சைட்ல பாருங்க, இல்ல உங்க வெட்னரி டாக்டர கேளுங்க. அந்த மெசேஜ இனிமே யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க, ப்ளீஸ்.