முதல் திருத்தம் கட்டிப்போடுவது யாரை?

"யூடியூப் என் வீடியோவை நீக்கிவிட்டது, இது அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கே விரோதம்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கோபம் நியாயமாகவே இருக்கலாம், ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1791-இல் வந்த அந்தத் திருத்தத்தின் வாசகம் தொடங்குவதே 'காங்கிரஸ்' (அமெரிக்க நாடாளுமன்றம்) என்ற சொல்லில்தான். பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் இயற்றக் கூடாது என்பது அதன் சாரம். ஆரம்பத்தில் அது மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. 1925-இல் நியூயார்க் மாநிலத்துக்கு எதிரான கிட்லோ என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அப்புறம்தான் மாநில அரசுகளும் அதற்குள் வந்தன. தனியார் நிறுவனம் இதில் எங்குமே இல்லை.

இதே வாதத்தோடு பிரேகர் யூனிவர்சிட்டி (பெயரில்தான் பல்கலைக்கழகம், உண்மையில் வலதுசாரிக் கருத்து வீடியோக்கள் தயாரிக்கும் அமைப்பு!) யூடியூப் மீது வழக்குப் போட்டுப் பார்த்தது. எத்தனை கோடிப் பேர் பயன்படுத்தினாலும் யூடியூப் தனியார் தளம்தான், அரசு ஆகிவிடாது என்று 2020-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, அரசு அதிகாரியே தன் பேஸ்புக் பக்கத்தில் உங்களைத் தடுத்தால்? அது வேறு கதை. மிச்சிகனின் போர்ட் ஹியூரன் நகர நிர்வாகி ஒருவரைப் பற்றிய வழக்கில் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அரசின் சார்பில் பேசும் அதிகாரம் அவருக்கு உண்மையிலேயே இருந்து, அந்தப் பதிவில் அதைப் பயன்படுத்துவதாக அவர் காட்டிக்கொண்டால் மட்டுமே முதல் திருத்தம் பாயும். பேரப்பிள்ளை படம் போடும் சொந்தப் பக்கம் என்றால் பாயாது.

உங்கள் வீடியோ விஷயத்தில் யூடியூபிடமே மேல்முறையீடு செய்து பாருங்கள்.