குளிர்காயும் அறையிலிருந்து தொடங்குங்கள்

பழைய துறவிமடங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நம்மவர்கள் முதலில் செய்வது, வாசலில் இருக்கும் பலகையை உரக்க வாசிக்கச் சொல்வது. அடுத்தது, "ஓடாதே!" இரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி. அதுவும் இங்கிலாந்தின் யார்க்‌ஷரில், ரிப்பன் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஃபவுண்டன்ஸ் அபே என்ற கிறிஸ்தவ மடத்துக்குப் போனால் நிச்சயம் வேண்டாம். கூரையில்லாத பெரும் இடிபாடு அது. சுவரில் ஏறாதவரை, ஓடட்டும் விடுங்கள்.

யார்க் நகரத்து மடத்தில் ஒழுங்கு தளர்ந்துவிட்டது என்று சண்டை போட்டு வெளியேறிய 13 துறவிகள், 1132இல் ஸ்கெல் ஆற்றங்கரையில் தொடங்கிய மடம். இந்த வரலாறெல்லாம் அப்புறம். முதலில் குளிர்காயும் அறை. சமையலறையையும் நோயாளிகள் இடத்தையும் விட்டால், துறவிகளுக்கு நெருப்பு கிடைத்த இடம் அநேகமாக அது ஒன்றுதான். ஓர் ஆளே உள்ளே நிற்கலாம் போன்ற அடுப்பு இன்னும் இருக்கிறது. "நடுச்சாமத்தில் எழுப்பி, இந்தக் குளிரில் ஜெபத்துக்குப் போகச் சொன்னால் போவாயா?" என்று கேளுங்கள். பிறகு கேள்வி எல்லாம் அவர்களுடையதுதான். எங்கே தூங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், முக்கியமாக, கக்கூஸ் எங்கே? அதற்கும் பதில் உண்டு: ஆற்றுக்கு மேலேயே கட்டியிருந்தார்கள். என் சின்னவனுக்கு அதற்குப் பிறகுதான் அந்த இடம் பிடித்தது.

அடுத்து, ஏறக்குறைய 90 மீட்டர் நீளமுள்ள வளைவுக் கூரைக் கிடங்கு. இதன் வளைவுக் கூரை இன்னும் முழுசாக நிற்கிறது. மடத்தைப் பணக்கார மடமாக்கிய ஆட்டுக் கம்பளியெல்லாம் சேர்ந்த இடம். அதன் மேல்மாடியில் படுத்தவர்கள் ஓதும் துறவிகள் அல்ல. ஆடு மேய்த்து, உழுது, தோல் பதனிட்ட பணிச் சகோதரர்கள். பெரும்பாலும் எழுத்தறியாதவர்கள். ஒரே கோயிலுக்குள் அவர்களுக்கு மேற்குப் பக்கம், ஓதுகிறவர்களுக்குக் கிழக்குப் பக்கம். இதை விளக்கும்போது நம்மூர் ஆட்களுக்கு உள்ளே எங்கேயோ உறுத்தும். உறுத்தட்டும். அதை மறைத்துவிட்டு "எவ்வளவு அழகான வளைவு பார்" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இதை யார் இடித்தது என்றும் கேட்பார்கள். காலம், மழை என்று மழுப்பாதீர்கள். எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களை மூடிச் சொத்தை எடுத்துக்கொண்டான். 1539இல் இந்த மடத்தின் முறை வந்தது. கூரையில் இருந்த ஈயத்தைப் பிரித்தார்கள். கடைசித் துறவிகளுக்கு ஓய்வூதியம் கொடுத்து அனுப்பினார்கள். இடத்தை ஒரு லண்டன் வணிகர் வாங்கினார். இடிபாட்டுக் கல்லில் ஒரு பகுதி பின்னாளில் பக்கத்திலேயே பெரிய மாளிகையாகியது. அந்த ஃபவுண்டன்ஸ் ஹாலையும் காட்டுங்கள். திருட்டா, அரச கட்டளையா என்று பிள்ளைகளே வாதாடட்டும். எங்கள் வீட்டில் கார் ரிப்பன் தாண்டியும் தீரவில்லை.

ஒன்றே ஒன்று: மடத்தை ஒட்டியுள்ள ஸ்டட்லி ராயல் பூங்காவின் மான்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மானை முதலில் பார்த்த பிள்ளையை மடத்துக்குத் திருப்புவது ஹென்றி ராஜாவாலும் ஆகாது.