ஃபைபரை உப்புக் காற்று அரிக்காது

"ராமநாதபுரம் கடலோரத்தில் உப்புக் காற்று ஃபைபர் கேபிளை அரித்துவிடும், அதனால்தான் நெட் மெதுவாகிறது, கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறுங்கள்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பி ஊரில் தனியாக இருக்கும் பெற்றோர் மாதாமாதம் வீணாகப் பணம் கட்டிவிடக் கூடாது.

ஃபைபரின் உள்ளே இருப்பது கண்ணாடி இழை. அதில் செல்வது ஒளி, மின்சாரம் அல்ல. கண்ணாடி துருப்பிடிக்காது. உப்பு அரிப்பது உலோகத்தை: பழைய செம்புத் தொலைபேசிக் கம்பி, அடாப்டர் முனை, மோடத்தைக் கணினியோடு இணைக்கும் லேன் கேபிளின் பின்கள். ஃபைபருக்குப் பகை கூர்மையான மடிப்பும், இணைப்பு முனையில் படியும் தூசியும்தான். ஒளி வந்து சேராவிட்டால் மோடத்தில் 'எல்ஓஎஸ்' (LOS, சிக்னல் இழப்பு) விளக்கு சிவப்பாக எரியும். அது எரியவில்லையென்றால் முதலில் வீட்டுக்குள் தேடுங்கள்.

கீழக்கரையில் அம்மா வீட்டில், துபாயில் இருக்கும் அண்ணனின் வீடியோ அழைப்பு விட்டுவிட்டு வந்தது. லேன் கேபிளில் கணினியை இணைத்துப் பார்த்தேன். முழு வேகம் இருந்தது. அப்படியானால் கோளாறு ஃபைபரில் இல்லை, வீட்டு வைஃபையில்தான். வைஃபை தரும் ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது! கூடத்தில், தலை உயரத்துக்கு மாற்றினேன். அம்மாவின் கைபேசி பின்கட்டு அறையில் இருப்பதால், சுவர்களை நன்றாகக் கடக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைத்தேன். பழைய திட்டமே போதுமானதாக இருக்கிறது.

சிவப்பு விளக்கு எரிந்தால் ஊழியரை அழையுங்கள். கழற்றிய ஃபைபர் முனையைத் தயவுசெய்து கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.