அடுத்த புத்தகம்: என் ஓட்டு எதற்கு, ஏன்

கோத்தகிரியில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு அடுத்த அபுனைவு நூல் எது என்று வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாகவே இழுபறி. ஆளாளுக்கு நீளநீளமாகக் குரல் பதிவு போடுகிறார்கள், ஒருவர் போட்டதை இன்னொருவர் கேட்பதாகத் தெரியவில்லை. அதனால் என் கட்சியை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

போன முறை, மனித குலத்தின் கதை முழுவதையும் ஒரே அட்டைக்குள் அடக்கிய தடிமனான மொழிபெயர்ப்பு ஒன்றைப் படித்தோம். நல்ல புத்தகம்தான். ஆனால் கூட்டம் சப்பென்று முடிந்தது. கற்காலத்தில் மனிதன் இப்படி யோசித்தான் என்று ஆசிரியர் சொன்னால், நாம் என்னத்தைச் சொல்வது? ‘அருமையா எழுதியிருக்கார்’ என்று வரிசையாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம். கூட்டாகப் படிக்கிற புத்தகத்துக்கு நான் வைக்கும் பரீட்சை ஒன்றுதான். ‘இல்லைங்க, அது அப்படி இல்லை’ என்று தன் அனுபவத்திலிருந்து மறுத்துப் பேசக்கூடிய ஆள் நமக்குள் ஒருவராவது இருக்கிறாரா? இல்லையென்றால் அதை அவரவர் வீட்டில் படித்துக்கொள்ளலாம். அதற்கு ஏன் ஞாயிற்றுக்கிழமை மழையில் குடை பிடித்துக்கொண்டு வரவேண்டும்?

இந்தக் கணக்கில் வந்த யோசனைகளைப் பார்ப்போம். சுயமுன்னேற்ற நூல்கள் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. டீச்சர் சொன்ன உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ எனக்கு உயிர். ஆனால் எங்கள் ஆட்கள் அதன் முன்னால் கைகூப்பி நிற்பார்களே தவிர வாக்குவாதம் நடக்காது. நம் மலையைப் பற்றியே படிப்போம் என்று ஒருவர், மானுடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் தோடர்களைப் பற்றி எழுதிய நூலைச் சொன்னார். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் எங்கள் வட்டத்தில் ஒரு தோடர்கூட இல்லை. பக்கத்து மந்தில் (தோடர் குடியிருப்பில்) இருப்பவர்களைப் பற்றி, அவர்கள் இல்லாத அறையில் உட்கார்ந்துகொண்டு, நூறு வருஷத்துக்கு முன் வந்துபோன ஒரு ஆங்கிலேயரை வைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் ஓட்டு ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ நூலுக்கு. பூச்சிமருந்துகள் செய்யும் கேட்டைப் பற்றிய நூல், 1962இல் அமெரிக்காவில் வந்தது. தமிழில் கிடைக்கிறது.

பழைய புத்தகம், அமெரிக்கக் கதை, டி.டி.டி. என்ற பூச்சிமருந்து கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும், அப்புறம் எதற்கு என்று கேட்டார்கள். தெரியும் என்று சொல்பவர்கள் 15ஆம் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு வரட்டும். 1956இல் அமெரிக்க வனத்துறை, ஊசியிலை மரங்களைத் தின்னும் ஒரு புழுவை ஒழிக்க 8,85,000 ஏக்கர் காட்டில் டி.டி.டி. தெளித்தது. அடுத்த கோடையில் மரங்கள் தீப்பட்டதுபோல் பழுப்பேறி நின்றன. காரணம் இலைச்சாற்றை உறிஞ்சும் பொடிசான சிலந்திப் பேன். அதைத் தின்று அடக்கி வைத்திருந்த பொறிவண்டு போன்ற பூச்சிகளை மருந்து கொன்றுவிட்டது. சிலந்திப் பேன் தப்பித்து, எதிரி இல்லாத காட்டில் பெருகித் தள்ளிவிட்டது.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் தேயிலைதான் நினைவுக்கு வந்தது. மழை பொய்த்த வெயில் மாதங்களில் செடி செம்பு நிறமாகிக் காய்ந்து நிற்கும். இலையைத் திருப்பிப் பார்த்தால் ஊசிமுனை அளவில் சிவப்புச் சிலந்தி நகரும், அதுவும் சிலந்திப் பேன் வகைதான். மருந்து அடித்தும் அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு எங்கள் வட்டத்தில் இருக்கும் சிறு விவசாயிகள் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். கார்சனோடு அவர்கள் மோதட்டும் என்கிறேன். எந்த மருந்தை எதோடு கலப்பது, காற்று எந்தப் பக்கம் அடித்தால் டேங்கைத் தோளில் மாட்டக் கூடாது, அடித்து எத்தனை நாள் கழித்துக் கொழுந்து பறிக்கலாம், மாஸ்க்கை ஏன் யாரும் போடுவதில்லை என்பதெல்லாம் அந்த அம்மாவைவிட இவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆனால் சிக்கலும் அங்கேதான். ‘எங்களைக் கூண்டில ஏத்தறதுக்கா இந்தப் புத்தகம்? பச்சை இலைக்கு விலை இல்லாத நேரத்துல, மருந்தும் அடிக்காம விட்டா பேக்டரிக்கு எதைக் கொடுக்கிறது?’ என்று அண்ணா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இதைக் கூட்டத்தில் கேட்க வேண்டும் என்பதற்காகவே நான் இந்தப் புத்தகத்தைச் சொல்கிறேன். அப்புறம், கார்சனின் கோபம் விவசாயி மேல் இல்லை. விமானத்தில் வந்து, நிலத்துக்காரரைக் கேட்காமல், வீடு தோட்டம் மாட்டுப்பண்ணை எல்லாவற்றின் மேலும் மருந்தைக் கொட்டிய அரசுத் துறைகள் மேல்தான் பெரும் கோபம். நியூயார்க் அருகே லாங் ஐலண்ட் மக்கள் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்கே போனார்கள். விற்ற கம்பெனிகளையும் அவர் விடவில்லை. ரசாயனமே கூடாது என்றும் அவர் எங்கும் சொல்லவில்லை. விளைவு தெரியாதவர் கையில் கண்டபடி கொடுத்துவிட்டார்களே என்றுதான் கேட்டார்.

குறை இல்லாத நூல் என்று சொல்ல மாட்டேன். முதல் அத்தியாயத்தில் வரும் ஊர் கற்பனை ஊர். எனக்கு அது ஒட்டவே இல்லை, எதிரிகளும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். புற்றுநோய் பற்றிய பகுதிகளுக்கு வயதாகிவிட்டது. இந்த அம்மாவால்தான் டி.டி.டி. போய் மலேரியாவில் ஜனங்கள் செத்தார்கள் என்று யாராவது யூடியூப் பார்த்துவிட்டு வருவார்கள். வரட்டும். அமெரிக்கா 1972இல் தடை செய்தது முக்கியமாக விவசாயப் பயன்பாட்டை. நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் 2001இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைகூட நோய் பரப்பும் கொசுவை ஒழிக்க டி.டி.டி.க்கு இடம் கொடுக்கிறது. இதையும் மேஜையில் வைத்தே பேசலாம்.

முழுசாகப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு 8, 10, 15 மூன்று அத்தியாயங்கள் போதும். எட்டாவதில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்துக் கதை வருகிறது. மரத்துக்கு அடித்த மருந்து உதிர்ந்த இலை வழியாக மண்புழுவுக்குப் போய், புழுவைத் தின்ற ராபின் பறவைகள் கூட்டமாகச் செத்தன. துப்பறியும் கதை மாதிரி எழுதியிருக்கிறார்.

வருகிற ஞாயிறு ஓட்டெடுப்பு. வேறு புத்தகம் சொல்பவர்கள் அட்டைப்படத்தை மட்டும் அனுப்பாமல், நடுவிலிருந்து ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைக்கலாம் என்பது என் கோரிக்கை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் யாரிடமாவது ‘மௌன வசந்தம்’ சும்மா அலமாரியில் இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். எங்களிடம் இருப்பது எல்லோருக்கும் போதாது.