ஹல் ஹவுஸுக்கு ஒருமுறை போய் வாருங்கள்

ஊரிலிருந்து அம்மா அப்பாவோ மாமனார் மாமியாரோ சிகாகோ வந்தால் நாம் கூட்டிக்கொண்டு போகிற இடங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். வில்லிஸ் டவர், பீன் சிற்பம், 1893-ல் விவேகானந்தர் பேசிய கட்டடம், அப்புறம் லெமான்ட் கோயில். இந்த வரிசையில் ஹால்ஸ்டெட் தெருவில் இருக்கும் ஹல் ஹவுஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. ஏழைகளுக்காகவும் அமைதிக்காகவும் உழைத்த ஜேன் ஆடம்ஸ் வாழ்ந்த வீடு அது, இப்போது அருங்காட்சியகம். 1931-ல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அந்தப் பரிசு பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி.

யூஐசி என்கிற இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தில், கான்கிரீட் கட்டடங்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது ஒரு சிவப்புச் செங்கல் வீடு. 1856-ல் சார்லஸ் ஹல் என்ற பணக்காரர் கட்டியது. 1889 செப்டம்பரில் ஆடம்ஸும் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் இங்கே குடிவந்தபோது சுற்றிலும் இத்தாலியர், ஜெர்மானியர், ரஷ்ய யூதர், கிரேக்கர் என்று பிழைக்க வந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்கள். அந்த ஜனங்களுக்காகக் குழந்தைகள் காப்பகம், மாலை வகுப்பு, குளியலறைகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் 13 கட்டடங்கள் கொண்ட வளாகமாக வளர்ந்துவிட்டது. தெருவில் குப்பை அள்ளப்படவில்லை என்றதும் 1895-ல் ஆடம்ஸே குப்பை ஆய்வாளர் வேலையை ஏற்று, விடியற்காலையில் குப்பை வண்டிகளின் பின்னாலேயே போனார்.

1960-களில் இந்தப் பல்கலைக்கழகத்தைக் கட்டுவதற்காக அவ்வளவையும் இடித்துவிட்டார்கள். ஹல் ஹவுஸில் படித்து வளர்ந்த ஃப்ளோரன்ஸ் ஸ்காலா என்ற பெண் அக்கம்பக்கத்தாரைத் திரட்டி உச்ச நீதிமன்றம் வரை போராடிப் பார்த்தார், நடக்கவில்லை. மிஞ்சியது பழைய வீடும், இடம் மாற்றி வைக்கப்பட்ட சாப்பாட்டுக் கூடமும்தான். இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. வீட்டைப் புதுப்பிக்கிறோம் என்று, ஆடம்ஸ் காலத்தில் இருந்த மூன்றாவது மாடியை எடுத்துவிட்டு, ஹல் கட்டிய காலத்துத் தோற்றத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். ஆயிரக்கணக்கான பேர் ஏறி இறங்கிய இடம், வெளியிலிருந்து பார்த்தால் இன்று ஒரு பணக்காரரின் பங்களாவாகத் தெரிகிறது.

சரி, அமைதிக்கும் இந்த வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? என்னைக் கேட்டால், எல்லாமே அங்கிருந்துதான் வந்தது. ஐரோப்பாவில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட தேசத்தவர்கள் இந்தத் தெருவில் ஒரே மேசையில் உட்கார்ந்து பாடம் படித்ததை 25 வருடம் கண்ணெதிரே பார்த்தவர் ஆடம்ஸ். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915 ஏப்ரலில் ஹேக் நகரில், போரிடும் நாடுகளிலிருந்தும் நடுநிலை நாடுகளிலிருந்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பிறகு தலைநகரம் தலைநகரமாகப் போய் அமைச்சர்களைப் பார்த்துப் பேசினார். திரும்பி வந்து நியூயார்க்கில் பேசும்போது, துப்பாக்கிக் கத்தியோடு பாயும் முன் சிப்பாய்களுக்குப் போதை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று தான் கேட்டறிந்ததைச் சொல்ல, பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. அதுவரை அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய அதே நாடுதான்.

இன்னொரு விஷயம், இதை நினைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் நடந்து பாருங்கள். 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியதும் கட்டாய ராணுவ சேவைக்கு ஆள் பதியும் இடங்களில் ஒன்றாக ஹல் ஹவுஸும் ஆனது. வரிசையில் நின்ற ஒருவர் ஆடம்ஸிடம் வந்து, நீங்கள் சொன்னதால்தான் குடியுரிமை வகுப்பில் சேர்ந்தேன், அந்தக் காகிதம் மட்டும் கையில் இல்லாவிட்டால் என்னைப் போருக்கு எடுத்திருக்க மாட்டார்களே என்ற அர்த்தத்தில் சொன்னாராம். 1922-ல் வந்த தன் புத்தகத்தில் ஆடம்ஸே இதை எழுதியிருக்கிறார். தான் போட்ட சோறு, தான் சொல்லிக்கொடுத்த பாடம், தன் வீட்டு வாசல், எல்லாமே போருக்கு ஆள் சேர்க்கும் வழியாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே போரை எதிர்த்தவர் அவர். கூட இருந்தவர்களில் பலர் போரை ஆதரித்தார்கள். அரசு உளவாளிகள் அவரைக் கண்காணித்தார்கள். பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. போர் முடிந்ததும் 1919-ல், பட்டினி கிடந்த ஜெர்மன் குழந்தைகளைப் பார்க்கப் போய், அவர்களுக்கு உணவு அனுப்பச் சொல்லி ஊர் ஊராகப் பேசினார். எதிரி நாட்டுக் குழந்தைகளுக்காக!

அதனால்தான் அவரை 'ஏழைகளுக்கு உதவிய நல்ல அம்மா' என்று மட்டும் அறிமுகப்படுத்தும்போது எனக்கு வலிக்கிறது. அந்தப் பாதியைக் கொண்டாடுவதற்குத் துணிச்சல் எதுவும் தேவையில்லை. குப்பை அள்ள வைத்தவரை ஊருக்கே பிடிக்கும், போர் வேண்டாம் என்று போர்க்காலத்திலேயே சொன்னவரை யாருக்குப் பிடித்தது? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த இரண்டாவது கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

ப்ளூ லைன் ரயிலில் யூஐசி-ஹால்ஸ்டெட் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். தினமும் திறந்திருக்காது, நாளும் நேரமும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சாப்பாட்டுக் கூடத்தையும் விட்டுவிடாதீர்கள், அத்தனை தேசத்து ஆட்களும் வாதாடிக்கொண்டே சாப்பிட்ட இடம் அது.